காமெட் விமானமும் 'சதுர ஜன்னல்' கதையும்

காமெட் என்பது 1950களில் பறந்த பிரிட்டனின் ஜெட் பயணிகள் விமானம். "காமெட் விமானங்கள் மூன்றும் வானில் வெடித்ததற்குப் பயணிகளின் சதுர ஜன்னல்தான் காரணம்" என்று ஒருவர் பதிவு எழுதியிருக்கிறார். இது அடிக்கடி பரவும் தகவல், ஆனால் சரியில்லை.

முதலில், அந்த ஜன்னல்களின் மூலைகள் வளைந்தே இருந்தன. 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே விழுந்து 35 பேரைப் பலிகொண்ட விமானத்தின் மேற்கூரைத் துண்டைக் கடலடியிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். உடைப்பு தொடங்கிய இடம், கூரையில் ரேடியோ ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலை. பயணி எட்டிப் பார்க்கும் ஜன்னல் அல்ல.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் இன்னொரு காமெட்டின் உடற்பகுதியைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, உள்ளழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057 சுற்றுகளில் (ஒரு பயணத்துக்கு ஒரு முறை அழுத்தம் ஏறி இறங்குவது ஒரு சுற்று) அது கிழிந்தது. அங்கேயும் ஆரம்பம் அவசர வழித் திறப்பின் மூலை. வடிவத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை: திறப்புகளின் மூலையில் தகைவு (உலோகத்தின் மீது விழும் இழுவிசை) கணித்ததைவிட அதிகம். ரிவெட் துளைகளைச் சுற்றி விரிசல், மெல்லிய தகடு, உலோகச் சோர்வு (மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏறி இறங்குவதால் உலோகம் பலவீனமாவது) எல்லாம் சேர்ந்தே அந்த உயிர்களைப் பறித்தன.

'மூன்றும்' என்பதும் தவறு. 1953 மே 2 அன்று கல்கத்தா அருகே 43 பேர் இறந்த விபத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது கடும் இடிமழைப் புயலுக்குள் சிக்கி உடைந்த விமானம்.

தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.