அந்தக் கீச்சொலியை எனக்கு அனுப்பாதீர்கள்

2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் தன் டயல்-அப் சேவையை, அதாவது தொலைபேசிக் கம்பி வழியே எண்ணைச் சுழற்றி இணையும் இணையச் சேவையை, மூடியது. அந்த அறிவிப்பு வந்த நாள் முதல் எனக்கு நிம்மதி போயிற்று. கூடப் படித்தவர்கள், பழைய அலுவலக நண்பர்கள், சித்தப்பா மகன் என்று ஆளாளுக்கு, கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம் கத்தும் ஒலிப்பதிவை அனுப்பி, 'ஆகா, அதுவல்லவா பொற்காலம்' என்று உருகுகிறார்கள். ஒருவர் அதைத் தன் கைப்பேசியின் அழைப்பொலியாகவே வைத்துக்கொண்டிருக்கிறார். அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். பொற்காலமாம்! அந்தக் 'கீ... கொர்ர்ர்' சத்தம் காதில் விழுந்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. அந்தச் சத்தம் வரை போய்ச் சேருவதற்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2001. திருச்சியில் இருந்தோம். அப்பாவின் நண்பர் ஒருவர் தன் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கணினியை எங்களுக்கு விற்றார். அதற்குள் செருகிக்கொள்ள ஒரு மோடம் அட்டையும், ஓர் உறையில் பயனர் பெயர், கடவுச்சொல்லோடு நூறு மணி நேர இணைய இணைப்பும் வாங்கினோம். கம்பியைச் செருகி, எண்ணை அடித்து, 'இணை' என்ற பொத்தானை அழுத்தினேன். பிழை எண் 680. டயல் டோன் இல்லை.

இல்லையா? அப்பா ரிசீவரை எடுத்து என் காதில் வைத்தார். கோயில் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல அது பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. "இதோ கேட்கிறதே, உன் பெட்டிக்குக் காது செவிடா?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். மறுபடி அழுத்தினேன். 680. கணினியை அணைத்துப் போட்டேன். 680. சுவரில் இருந்த செருகியைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி மாட்டினேன். 680.

சரி, உறையில் உதவி எண் அச்சிட்டிருக்கிறார்களே, கேட்போம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே தொலைபேசி இணைப்பு. கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச, மோடத்திலிருந்து கம்பியைப் பிடுங்கித் தொலைபேசியில் மாட்ட வேண்டும். மாட்டினேன். இருபது நிமிடம் இசை கேட்டேன், என் காசில். கடைசியில் ஒருவர் வந்து, மிகவும் மரியாதையாக, "சார், இப்போது ஒருமுறை டயல் செய்து என்ன வருகிறது என்று சொல்லுங்கள்" என்றார்.

எந்த இணைப்பில் ஐயா டயல் செய்வது? உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேனே, அதிலா?

இதை அவருக்குப் புரியவைக்கப் பத்து நிமிடம். புரிந்ததும் அவர் சொன்ன வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்: "அப்படியானால் உங்கள் செட்டிங்ஸில்தான் பிரச்சினை." அன்று தொடங்கியது. அடுத்த எட்டு நாட்களும் யார் என்னோடு பேசினாலும் இதே பல்லவி. மோடம் விற்ற கடைக்காரர் சொன்னார். தெருமுனையில் கம்பத்தின் மேல் இருந்த லைன்மேன், கணினியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், கம்பத்திலிருந்தபடியே சொன்னார். எல்லோர் பக்கமும் சரியாகத்தான் இருக்கிறதாம். தப்பு செய்தவன் நான் ஒருவன்தான்.

மோடத்தை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள். செய்தேன். கணினிக்கு இணைய முகவரி தானாகக் கிடைக்கும்படி வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். டயல் டோனே கேட்காத பெட்டிக்கு முகவரி எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். பிறகு, மோடத்துக்கான இயக்கு மென்பொருள் பழையதாக இருக்கலாம், புதியதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இணையத்திலிருந்து! கிணற்றில் விழுந்தவனிடம், மேலே ஏறி வந்து கயிற்றை எடுத்துக்கொண்டு போ என்பதுபோல.

அதையும் செய்தேன். பிரவுசிங் சென்டருக்குப் போய் மணிக்கணக்கில் காசு கொடுத்து இறக்கினேன். ஃபிளாப்பியில் 1.44 மெகாபைட்தான் பிடிக்கும், கோப்போ அதைவிடப் பெரியது. இரண்டு ஃபிளாப்பியில் பிரித்துப் போட்டுக்கொண்டு சைக்கிளில் பறந்து வந்தால், இரண்டாவது ஃபிளாப்பியைக் கணினி படிக்க மறுத்தது. திரும்ப அதே வெயிலில் அதே சைக்கிள். அன்று அந்த பிரவுசிங் சென்டரில் இருந்த பையன், பத்தாம் வகுப்பு படிப்பவனாக இருப்பான், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, டயல் டோனுக்குக் காத்திரு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக்கை எடுத்துவிடுங்கள்" என்றான்.

எடுத்தேன். டயல் செய்தது.

ஒரு டிக். எட்டு நாள்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. டயல் டோன் உலகம் முழுக்க ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. அமெரிக்காவில் 350, 440 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுரங்களைச் சேர்த்து ஊதுவார்கள். நம் ஊர் டோன் வேறு சுருதி. என் மோடத்துக்குள் நாடு என்ற இடத்தில் அமெரிக்கா என்று இருந்தது. அது அமெரிக்க டோனை எதிர்பார்த்துக் காத்திருந்து, அது வராததால், டோனே இல்லை என்று எனக்குத் தீர்ப்பு எழுதியது. அந்த டிக்கை எடுப்பதும், கூடுதல் கட்டளை என்ற பெட்டியில் ஏடிஎக்ஸ்3 என்று எழுதுவதும் ஒன்றுதான்: டோனுக்காகக் காத்திராதே, நேரே எண்ணைச் சுழற்று. உதவி மையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு செலவாகியிருக்கும்? நாங்கள் கேட்ட இசைக்கு ஆனதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும்.

அதோடு முடிந்ததா? அடுத்து 691. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. உறையில் அச்சிட்டிருந்த எழுத்தில் பூஜ்யம் எது, ஆங்கில 'ஓ' எது, ஒன்று எது, சின்ன 'எல்' எது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இதில் உள்ள அக்கிரமத்தைக் கவனியுங்கள்: எதிர்முனை மோடம் அழைப்பை எடுத்து, கதறி முடித்து, அதன் பிறகுதான் கடவுச்சொல்லையே கேட்கும். அதாவது 'உள்ளே விடமாட்டேன்' என்று அது சொல்லும் ஒவ்வொரு முறையும் எங்கள் தொலைபேசி மீட்டர் ஒரு படி ஏறும். கதவைத் தட்டியதற்குக் கட்டணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொலைபேசி பில்லைப் பிரித்துப் படித்துவிட்டு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். திட்டியிருந்தால் தேவலை.

சரியான கடவுச்சொல் கிடைத்து, உள்ளேயும் போய்விட்டேன். ஒரு பக்கம் பாதி திறந்தது. மவுஸை அசைத்தேன். திரை உறைந்தது. மறுபடி இணைந்தேன், மவுஸைத் தொட்டேன், மறுபடி உறைந்தது. பழைய கணினி என்பதால் மவுஸ் காம் 1 என்ற வாயிலில் இருந்தது. மோடம் காம் 3-இல் உட்கார்ந்திருந்தது. இந்த இரண்டு வாயிலுக்கும் கணினியைக் கூப்பிட ஒரே மணிதான், குறுக்கீட்டு எண் 4. இருவரும் சேர்ந்து அடித்தால் கூப்பிட்டது யார் என்று தெரியாமல் கணினி திகைத்து நின்றுவிடும். மோடத்தைக் காம் 2-க்கு மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். இது தெரியாமல் பதினைந்து நாள் மவுஸைத் தொடாமல், டேப் பொத்தானை மட்டும் தட்டித் தட்டி இணையத்தில் நடமாடினேன். அம்மா தூசி தட்ட மேசைப் பக்கம் வந்தால் இரண்டு கையாலும் மவுஸை மறைத்துக்கொள்வேன்.

அம்மாவைப் பற்றிச் சொன்னால் தொலைபேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் எண் எங்களுக்கு மட்டுமா? தெருவில் நான்கு வீட்டுக்கு அதுதான் பி.பி. நம்பர், அதாவது அவர்களைக் கூப்பிட்டுத் தரச் சொல்லி அழைக்கும் எண். வெள்ளிக்கிழமை இரவு மூன்றாம் வீட்டு மாமியின் மகன் துபாயிலிருந்து பேசுவான். நான் இணையத்தில் இருந்தால் அவனுக்கு எங்கேஜ்டு. "உன் மகன் போனைப் பிடித்துக்கொண்டு யாரோடு பேசுகிறான்?" என்று மாமி அம்மாவிடம் கேட்ட தொனி இருக்கிறதே, அதற்கு நான் இன்றுவரை சரியான பதில் சொல்லவில்லை. சமையலறைப் பக்கம் அதே இணைப்பில் இருந்த இன்னொரு தொலைபேசியை அம்மா எதற்காவது எடுத்துவிட்டால் அவ்வளவுதான், இணைப்பு போகும். முக்கால்வாசி இறங்கிய கோப்பு முதலிலிருந்து.

வேகம் வேறு. அட்டைப் பெட்டியில் 56 கே, அதாவது விநாடிக்கு 56,000 பிட், என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 1998-இல் வந்த வி.90 என்ற மோடம் தரம் அது. கம்பியில் போகும் ஒலி வழியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் டிஜிட்டல் எண்களாக மாறினால்தான், அதுவும் கம்பி சுத்தமாக இருந்தால்தான், அந்த வேகம் பக்கத்தில் வரும். எங்கள் தெருக் கம்பியில் எத்தனை முடிச்சு என்று லைன்மேனுக்கே கணக்கு தெரியாது. மழை பெய்தால் பெட்டிக்குள் தண்ணீர். எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் 28,800, நல்ல நாளில் 33,600. அந்த நல்ல நாளிலும் ஒரு மெகாபைட் இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல். ஆனால் ஒருநாள் திரையில் 115,200 என்று காட்டியது! தெருவுக்கே சொன்னேன். அது கணினிக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள வேகமாம். ஒரு சாண் தூரத்துக்கு.

இத்தனையும் ஒருவழியாகச் சரிசெய்து, எந்தக் கட்டத்தில் எந்த டிக் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஐப்பசி வந்தது. ஓர் இரவு இடியும் மின்னலும். தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்க மறந்து தூங்கிவிட்டேன். காலையில் மோடம் பேசவில்லை. மூடியைத் திறந்தால் கருகிய வாடை. அட்டையில் கம்பி நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சில்லு வெடித்து, சுற்றிலும் மை கொட்டியதுபோலக் கருப்பாக இருந்தது.

செய்தித்தாளில் சுற்றிக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கருப்பு அவர் விரலிலும் ஒட்டிக்கொண்டது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"செட்டிங்ஸில் ஏதாவது மாற்றினீர்களா?"