கூட்டு ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போடும் முன்

பொது சுகாதாரம் படித்து முடித்த பிள்ளைகள் பலர் இன்பாக்ஸில் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். "அக்கா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ச்சி பண்ண வாய்ப்பு இருக்கா? யாருக்கு மெயில் போடணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

வாய்ப்பு நிறையவே இருக்கிறது. நிதி எவ்வளவு வருகிறது, பேராசிரியர் எவ்வளவு பெரியவர் என்று விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றை விசாரியுங்கள். எதை ஆராய்வது என்று முடிவானபோது, அந்த நோயோடு வாழ்கிற ஊரைச் சேர்ந்தவர் யாராவது அங்கே இருந்தாரா? ஏழை நாடுகளின் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியில் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தீர்மானமாகின்றன. களத்தில் வேலை பார்க்கும் எனக்கு வருடத்துக்கு வருடம் இது உறுதியாகிக்கொண்டே வருகிறது.

சென்னையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அது 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்), அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என நான்கு தரப்பும் சேர்ந்து தொடங்கியது. அப்போதெல்லாம் டிபி என்றால் சானடோரியம்தான், அதாவது காசநோய்க்கென்றே இருந்த தனி மருத்துவமனை. மாதக்கணக்கில் ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை. தாம்பரம் பக்கத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் நாட்டில் நோயாளிகள் பல லட்சம் பேர், படுக்கைகளோ மிகக் குறைவு. படுக்கை கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? நெருக்கடியான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, மாத்திரையை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகுமா? கூடவே படுத்துறங்கும் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா? போதுமான படுக்கை வைத்திருந்த நாடுகளுக்கு இந்தக் கேள்விகளில் அவசரம் எதுவும் இல்லை. சென்னைக்கு இருந்தது.

193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு, இன்னொரு பிரிவு வீட்டுக்கு. இரு பிரிவுக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகள், ஒரு வருடத்துக்கு. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்று சிறுநீரையும் பரிசோதித்தார்கள். வருட முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேரிடமும் வீட்டில் 86 சதவீதம் பேரிடமும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959-ல் வெளிவந்த இந்த முடிவுதான் உலகம் முழுக்க சானடோரியங்களுக்குப் பூட்டுப் போட வைத்த முக்கியமான காரணங்களில் ஒன்று. வாரத்துக்கு இரண்டு முறை ஊழியரின் கண்முன்னே மருந்து சாப்பிடும் முறையையும் அதே மையம்தான் 1960-களில் சோதித்துக் காட்டியது. பின்னாளில் டாட்ஸ் என்று உலகமெங்கும் போனதற்கு அதுவும் ஓர் அடித்தளம். குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். கூடவே தேவதத்தா, ராமகிருஷ்ணன், ராதாகிருஷ்ணா, வேலு என்று நம் மருத்துவர்கள், புள்ளியியலாளர்களின் பெயர்கள் கட்டுரைகளில் ஆசிரியர்களாகவே இருக்கின்றன. தலைமை எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன, தேவை இந்த ஊருடையதாக இருந்தது. அதனால்தான் பதிலும் இந்த ஊருக்குப் பயன்பட்டது.

இதே கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. வீட்டிலிருந்த நோயாளிகள் சானடோரியத்துக்காரர்களைவிட மோசமாகச் சாப்பிட்டார்கள், இருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள் என்று 1961-ல் அந்தக் குழு எழுதியது. கிருமியை அழிப்பதைப் பொறுத்தவரை அது சரியான முடிவுதான். ஆனால் அதற்குப் பிறகு, டிபிக்கு மருந்து போதும், சாப்பாடு இரண்டாம் பட்சம் என்ற எண்ணம் உலக அளவில் வேரூன்றிவிட்டது. மருந்து சாப்பிடுகிறவர் உயிர் பிழைப்பாரா, அவர் வீட்டில் அடுத்த ஆளுக்கு வராமல் இருக்குமா என்பதற்கும் சோற்றுக்கும் என்ன தொடர்பு? இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்க அறுபது வருடங்களுக்கு மேல் ஆனது.

அதைக் கேட்டவர்கள் மங்களூரில் வேலை பார்க்கும் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா தம்பதியும் அவர்கள் குழுவும். ஏழை நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள், எலும்பும் தோலுமாக வந்து நின்ற டிபி நோயாளிகளைக் கண்ணால் கண்டவர்கள். ஐசிஎம்ஆர் நிதியில், சேத்துப்பட்டு நிறுவனமும் சேர்ந்துகொள்ள, ஜார்கண்டின் 4 மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை அந்த ஆய்வு நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் கொடுத்தார்கள்: ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியாகும் நுரையீரல் டிபி 48 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடிய நோயாளிகளுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 2023-ல் லான்செட் இதழ்களில் வெளிவந்தபோது படித்துவிட்டு எனக்குச் சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன. அரிசி, பருப்பு! இதைக் கேட்க இவ்வளவு காலமா?

கேள்வி வெளியிலிருந்து தயாராகி வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், வெளிநாட்டு நிதியில் நடந்த ஒரு கணக்கெடுப்பு. ஒரு வீட்டில் எடை மெஷினை மண் தரையில் வைத்தால் முள் நிற்காமல் ஆடுகிறது. பலகை ஒன்றைத் தேடிப் பிடித்து அடியில் போட்டு அந்த அண்ணனை ஏற்றினோம். 38 கிலோ. அவர் மனைவி சுவரோரம் நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து நான் படிவத்திலிருந்து கேட்க வேண்டிய கேள்வி, வாரத்தில் எத்தனை நாள் சீஸ் சாப்பிடுவீர்கள் என்பது. இந்த மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போக முடிந்தது, கடன் வாங்கினீர்களா, ராத்திரி அடுப்பு எரிந்ததா என்று கேட்கப் படிவத்தில் இடமே இல்லை. மாற்றலாமா என்று எழுதிக் கேட்டோம். எல்லா நாட்டுக்கும் ஒரே படிவம், மாற்ற முடியாது என்று பதில் வந்தது. "இந்த ரிப்போர்ட் எங்களுக்கு எப்ப வரும்மா?" என்று அந்த அக்கா கேட்டதற்கு எங்களிடம் கடைசிவரை பதில் இல்லை. கட்டுரை வந்தது. ஓடியாடித் தகவல் சேகரித்தவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி நன்றி.

இது நமக்கு மட்டும் நடப்பதும் இல்லை. காங்கோவின் டாக்டர் ஜான்-ஜாக் முயெம்பே 1976-ல் யாம்புக்கு என்ற ஊரில் இனம்புரியாத காய்ச்சல் பரவியபோது நேரில் போய், நோயுற்ற கன்னியாஸ்திரி ஒருவரைக் கின்ஷாசாவுக்கு அழைத்து வந்தார். அந்தக் கன்னியாஸ்திரியின் ரத்தம் தெர்மாஸ் குடுவையில் பெல்ஜியம் போனது. அந்தக் காய்ச்சலுக்குக் காரணமான எபோலா வைரஸைக் கண்டுபிடித்த கதையில் பல வருடங்கள் முயெம்பேயின் பெயர் அடிபடவே இல்லை. 1995-ல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலா பரவியபோது, பிழைத்தவர்களின் ரத்தத்தை 8 நோயாளிகளுக்கு ஏற்றினார், 7 பேர் பிழைத்தார்கள். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு, அந்தக் கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் உடலிலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை வைத்து அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து உருவாக்கிய மருந்து, காங்கோவிலேயே நடந்த சோதனையில் தேறி 2020-ல் அமெரிக்க அனுமதியும் பெற்றது. இந்த முறை அவர் சக ஆய்வாளராக இருந்தார். ரத்த மாதிரிகள் இனி காங்கோவில்தான் இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, அப்படியானால் எங்கே போவது? முதலில், கூட்டு என்றாலே வெளிநாடு என்று நினைப்பதை விடுங்கள். 2025-ல் வெளிநாடுகளுக்கு உதவி வழங்கிவந்த தன் யுஎஸ்எய்ட் அமைப்பை அமெரிக்கா கலைத்தபோது பல நாடுகளில் சோதனைகள் நோயாளிகளோடு அப்படியே பாதியில் நின்றன. ஒரே பக்கத்திலிருந்து பணம் வரும் கூட்டின் கதி அதுதான். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். மாநில சுகாதாரத் துறையும் சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தே விஷயங்களைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியரே செய்யக்கூடியது. அங்கே போய்க் கேளுங்கள். புள்ளியியல் தெரிந்தவர்கள், மானிடவியல் படித்தவர்கள், உணவியல் படித்தவர்கள் எல்லோருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

வெளிநாட்டுக் குழுவோடு சேர்வதானாலும் தாராளமாகச் சேருங்கள், நானும் சேர்ந்திருக்கிறேன். ஆனால் படிவம் எழுதும் கட்டத்திலேயே உள்ளே இருங்கள். ஆசிரியர் வரிசை, மாதிரிகளும் டேட்டாவும் எங்கே இருக்கும், மருந்து பலித்தால் ஆய்வுக்கு உட்பட்ட மக்களுக்கு எப்போது, என்ன விலையில் கிடைக்கும் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் வர வேண்டும். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் இதையெல்லாம் பேசுகின்றன. நீங்களாக முரண்டு பிடிப்பதாக யாரும் சொல்ல முடியாது. களப்பணியாளரின் பஸ் செலவு, முடிவுகளை அந்தந்த ஊரிலேயே போய்ச் சொல்வதற்கான செலவு இரண்டையும் பட்ஜெட்டில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். முதலில் வெட்டப்படுவது அவைதான்.

எனக்கே ஒரு கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜார்கண்டில் கொடுத்தது அரிசியும் பருப்பும். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது, துவரம் பருப்போ மாதம் ஒரு கார்டுக்கு ஒரு கிலோதான். அப்படியானால் இங்கே டிபி வந்த வீட்டில் குறைவது பருப்பும் முட்டையுமா, சமைக்க ஆளா, வருமானமா? கூடுதல் பருப்பை ரேஷன் கடை வழியாகவே கொடுத்தால் அந்த வீட்டில் அடுத்த ஆளுக்கு நோய் வருவது குறையுமா? மாவட்டக் காசநோய் மையங்களில் இருப்பவர்கள், மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவம் சொல்லிக் கொடுப்பவர்கள், முக்கியமாக டிபி வந்து குணமானவர்கள், இதைப் பற்றிப் பேச விருப்பமிருந்தால் எழுதுங்கள். புரொபோசலில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லோருமாக உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.