ஜீன்ஸ் போட்ட தாத்தா

சனிக்கிழமை நாகர்கோவிலில், புரோகிராம் எழுதுகிற நம் கூட்டத்தில், காசு எண்ணுகிற சர்வருக்கு ஜாவாஸ்கிரிப்டை விட ஜாவா மொழிதான் நல்லது என்றேன். "ஜாவாவா? அது தாத்தா காலத்துச் சாமானாச்சே" என்று ஒரு தம்பி சொன்னதும் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

மக்கா, ஜாவா வெளிவந்தது 1995. ஜாவாஸ்கிரிப்ட் வந்ததும் அதே 1995. நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதினார், லைவ்ஸ்கிரிப்ட் என்றிருந்த பெயரை ஜாவாவுக்கு அப்போதிருந்த மவுசைப் பார்த்துத்தான் மாற்றினார்கள். இரண்டுக்கும் ஒரே வயது. ஒன்று தாத்தா என்றால் மற்றதும் தாத்தாதான், ஜீன்ஸ் போட்ட தாத்தா.

நான் ஜாவாஸ்கிரிப்டுக்கு எதிரி இல்லை. பிரவுசரில் அது இல்லாமல் முடியாது, சாட் மாதிரி வேலைக்கு, ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டுகிற நோட்.ஜேஎஸ் அருமை. காசு எண்ணுகிற சர்வருக்கு ஜாவா என்கிறேன், அவ்வளவுதான்.

தோவாளைப் பூக்கடை அண்ணாச்சிக்கு பில் போடும் ஆப் செய்து கொடுத்தேன், அதுவும் நோடில், நீங்கள் எல்லாரும் சொன்னதால். மாலை கட்டும் அக்காவுக்கு முன்பாக்கி 500, அன்றைக்கு வாங்கிய பிச்சிப்பூ 120. ஃபார்மில் இருந்து வந்த 500 எழுத்தாகவே கிடந்ததால் கூட்டாமல் ஒட்டிவிட்டது. பாக்கி 500120 ரூபாய்! விடியுமுன்னே அண்ணாச்சி போன்: "ஏல மக்கா, அவ பூ வாங்குனாளா, சந்தையையே வாங்குனாளா?"

எண்ணாக மாற்றாதது உன் தப்பு என்பீர்கள். சரி, என் தப்புதான். ஆனால் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை வைத்தால் புரோகிராமை ஓட்டுமுன்னே சரிபார்க்கிற ஜாவா கம்பைலரே முறைத்திருக்கும், அண்ணாச்சி வரை போயிருக்காது. ஜாவாஸ்கிரிப்டிலேயே எண்ணா எழுத்தா என்று சோதிக்கிற டைப்ஸ்கிரிப்ட் போடலாமே என்பீர்கள். அதன் சோதனையெல்லாம் கம்பைலோடு சரி, ஓடும்போது ஃபார்மில் என்ன வருகிறது என்று அது எட்டிப் பார்க்காது. 2016இல் ஒருவர் கோபித்துக்கொண்டு பல ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம்கள் நம்பியிருந்த, தான் எழுதிய லெஃப்ட்பேட் என்ற 11 வரியைப் பொதுவிலிருந்து எடுத்துவிட்டதற்கு உலகம் முழுக்க பில்டு, அதாவது புரோகிராம் தயாராவது, நின்றதே, அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஜாவாவின் லாக்4ஜே நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை என்று நேற்று ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். 2021இல் வந்தது, அடைத்தாச்சு, விடுங்கள். ஜாவா ரேம் தின்னும், அதுவும் உண்மை.

ஜாவா கிடக்கட்டும். அந்தத் தம்பிக்கு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற ஃபார் லூப்பைச் சொல்லிக் கொடுத்தது நான், மார்த்தாண்டத்தில் என் வீட்டுத் திண்ணையில் வைத்து. தாத்தா காலத்துச் சாமான் என்று சொல்லிவிட்டு என் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் வரவில்லை. போன சனிக்கிழமை எல்லாருக்கும் சாயாக் காசு கொடுத்ததும் இந்தத் தாத்தாதான்.