ட்ரைபாடை விரிக்க அவசரப்படாதீர்கள்

லேண்ட்ஸ்கேப் (நிலக்காட்சிப் படம்) எடுக்கப் போகிற பலரும் இடத்தைப் பார்த்ததும் செய்கிற முதல் வேலை ட்ரைபாடை விரிப்பது. என்னைக் கேட்டால் படம் கெடுவதே அங்கேதான். மூன்று காலும் ஊன்றியாகிவிட்டால் அப்புறம் நகர மனசு வராது, ஜூமை மட்டும் திருகிக்கொண்டிருப்போம். முதல் இருபது நிமிடம் கேமராவைக் கையில் பிடித்தபடி நடங்கள், குனியுங்கள், உட்காருங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். நிறையப் பாறை, மேற்கே திறந்த கடல். நின்ற உயரத்தில், அகலமான காட்சியைப் பிடிக்கும் 16 எம்எம் லென்ஸில் பார்த்தால் பாறையெல்லாம் கூழாங்கல்லாகச் சுருங்கிவிடும். ஒரு பாறைக்கு 2 அடி பக்கத்தில் போய் முழங்கால் உயரத்துக்கு இறங்கினால் அதில் படிந்த பாசி வரை தெரியும். ரொம்ப இறங்கினாலும் வம்பு. பாறையின் தலை அடிவானத்தை முட்டும்; வெளிச்சம் குறைந்ததும் எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். ஒரு சாண் உயர்த்துங்கள். பாறைக்கும் அடிவானத்துக்கும் நடுவே ஒரு கீற்றுத் தண்ணீர் தெரியும். அது தெரிந்தால்தான் படத்தில் ஆழம் வரும். (அலைக்கு மட்டும் முதுகு காட்டாதீர்கள்.)

ஃபுல் ஃபிரேம் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 16 எம்எம், எஃப் 11 (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) வைத்து 1 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஏறக்குறைய அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். எஃப் 22க்குப் போனால் டிஃப்ராக்‌ஷனில் (சின்னத் துவாரத்தில் ஒளி சிதறுவதில்) மொத்தப் படமும் மழுங்கும். அடிவானத்தை ஃபிரேமின் மூன்றில் ஒரு பங்கில் வை என்கிற விதியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். வானத்தில் ஒன்றுமில்லையா, ஒரு பட்டை அளவுக்கு வெட்டிவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பார்த்ததும் அளவு சொல்கிற உள்ளுணர்வு பிறவியிலேயே வருவது என்பதை நான் ஏற்கமாட்டேன். 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊருக்கு மேலே நிலா எழுந்தபோது அமெரிக்க லேண்ட்ஸ்கேப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் காரை ஓரங்கட்டினார். அவசரத்தில் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்துக் கணக்குப் போட்டு, எஃப் 32இல் 1 நொடி கொடுத்தார். இரண்டாவது நெகட்டிவுக்கு ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் அந்த ஊர்க் கல்லறைச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. அந்த 250 மனசில் இல்லாதிருந்தால் முதல் நெகட்டிவும் சந்தேகம்தான்.

பழக ஒரு வழி உண்டு. ஒரே லென்ஸ், ஒரே இடம், ஐந்து மாலைகள். மீட்டரைப் பார்க்கும் முன் ஷட்டர் வேகத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு சரிபாருங்கள். ஊகம் ஒரு ஸ்டாப்புக்குள் (அதாவது இரண்டு மடங்கு அல்லது பாதி வெளிச்ச வித்தியாசத்துக்குள்) வந்து விழத் தொடங்கினால் எண்களைத் தேடும் நேரம் மிச்சமாகும். அந்த நேரத்தில் ஃபிரேமின் நான்கு மூலைகளையும் பாருங்கள்: பாதி வெட்டுப்பட்ட கல், ஈரமணலில் சொருகிக் கிடக்கும் பால் கவர், உங்கள் ட்ரைபாடின் கால்.