தேனீக்கு வைத்தது போக

இயற்கைத் தேன் வேண்டும் என்று கேட்கும் நாமேதான், தேனீ வளர்ப்பவர்களைச் சர்க்கரைப் பாகு பக்கம் தள்ளிவிடுகிறோம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு பெரியவரிடம் தேனீ வளர்ப்பு பழகப் போய்வந்தேன். அதன்பிறகு இந்த எண்ணம் எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். அந்த வட்டாரத்தில் பெட்டியில் தேனீ வளர்ப்பது நூறு வருடப் பழக்கம். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஊரக மேம்பாட்டு மையம் நடத்தியபோது பரவியது. இன்று அங்கே கிடைக்கும் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்திலிருந்து வருகிறது. அதுவும் பூவிலிருந்து இல்லை. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலையுதிர்த்துத் துளிர்க்கும். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அந்தத் தளிர்ப் பருவத்தில் அவற்றில் இனிப்பு நீர் கசியும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தேனீக்களுக்கு அதுதான் கொண்டாட்டம்.

அப்புறம் மழை வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தேனீ வளர்ப்பவரின் குணம் தெரிவது இந்த நாலு மாதத்தில்தான் என்பேன். பலரும் ஏப்ரல் கடைசியில் பெட்டியை வழித்து எடுத்துவிட்டு, மழைக்காலம் முழுக்கச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கூட்டத்தை உயிரோடு வைத்திருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் லாபம். ஒரு கிலோ தேன் விற்கும் விலைக்கு எத்தனை கிலோ சர்க்கரை வாங்கலாம்!

இந்தப் பெரியவர் அப்படிச் செய்வதில்லை. பெட்டியில் கீழே இருப்பது தேனீக் குஞ்சுகள் வளரும் புழு அறை, மேலே இருப்பது தேன் அறை. கீழே உள்ள அடைகளில் அவர் கையே வைப்பதில்லை. மேலறையிலும் கடைசிச் சுற்றுத் தேனை அப்படியே விட்டுவிடுகிறார். பக்கத்தில் மற்றவர்கள் பத்து கிலோ எடுக்கும் இடத்தில் இவர் ஆறு, ஏழு கிலோவோடு நிறுத்திக்கொள்கிறார். "அதுக பாடுபட்டு மழைக்குச் சேத்து வச்சது மக்களே, மிச்சம் இருந்தாத்தான் நமக்கு" என்றார். அவர் முறையின் முதுகெலும்பே இதுதான், மற்றதெல்லாம் இதற்குத் துணை.

அந்தத் துணை வேலைகளும் லேசானவை அல்ல. பெட்டியைத் திறப்பதற்கு முன் வாசலருகே வெகுநேரம் உட்கார்ந்து பார்க்கிறார். காலில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் உள்ளே போனால் ராணி முட்டையிடுகிறது என்று அர்த்தம். அன்றைக்குத் திறக்க மாட்டார். செத்த புழுக்கள் வெளியே கிடந்தால் உடனே திறப்பார். கறுத்துப் பழசான அடைகளை வருடாவருடம் வெட்டி எடுத்துவிடுகிறார், மெழுகு அந்துப்பூச்சி தேடி வருவது அவற்றைத்தான் என்பதால். பெட்டியின் கால்களை நீர் நிரப்பிய கொட்டாங்கச்சியில் நிறுத்தியிருக்கிறார், எறும்புக்கு அது போதும். மழைக்காலத்தில் ஒரு கூட்டம் மெலிந்தால் பாகு ஊற்றிக் காப்பாற்றப் பார்ப்பதில்லை. அதில் ராணியை எடுத்துவிட்டு, பலமான கூட்டத்தின் மேல் அந்தப் பெட்டியை வைத்து, நடுவே ஒரு செய்தித்தாளை விரிக்கிறார். தாளைக் கடித்துத் துளைத்து முடிப்பதற்குள் இரண்டு கூட்டத்தின் வாசனையும் கலந்துவிடும், சண்டை வராது.

நோய் விஷயத்தில்தான் அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. 1991, 92-ல் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியாவில் பெட்டியில் வளர்க்கும் நாட்டு இனமான அடுக்குத் தேனீக்களைக் கிட்டத்தட்ட துடைத்துப் போட்டது. புழுக்கள் நீர் நிறைந்த பை போல ஊதி, அறைக்குள்ளேயே செத்துப்போகும். அதற்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனாலும் கண்டதையும் பாகில் கலந்து கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. தொழிலை விட்டுப் போனவர்கள் ஏராளம். தோட்டமே காலியான நிலையில் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு கூட்டங்களை மட்டும் பிரித்துப் பிரித்துப் பெருக்கியிருக்கிறார் இவர். இன்றும் அதே விதிதான். நோய் கண்ட கூட்டத்திலிருந்து, அது எவ்வளவு தேன் கொடுத்ததாக இருந்தாலும், ராணி வளர்ப்பதில்லை. வருமானம் வருடக்கணக்கில் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

இவ்வளவுக்கும் பிறகு பாட்டிலில் 'ஆர்கானிக்' என்று போட மறுக்கிறார். தேனீ ஒன்றிரண்டு கிலோமீட்டர் பறக்கும், வேலி போட முடியாது, ரப்பர் தோட்டத்தில் யார் எப்போது என்ன தெளிக்கிறார்கள் என்று நான் எப்படிச் சத்தியம் செய்வேன் என்கிறார். அதனால் பெரிய எஸ்டேட் பக்கம் பெட்டி கொண்டுபோவதில்லை. பலா, முந்திரி, தென்னை கலந்து நிற்கும் சின்னத் தோட்டங்களில்தான் வைக்கிறார். பக்கத்து வாழைத் தோட்டக்காரர் தேனீ அடங்கியபிறகு, அந்தி சாய்ந்துதான் மருந்தடிக்கிறார். அவருக்கு வருடாவருடம் ஒரு பாட்டில் தேன் போய்விடுகிறது. எந்தச் சான்றிதழையும்விட எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை அதிகம்.

சரி, வாங்குகிற நாம் என்ன செய்கிறோம்? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, கரைந்தால் கலப்படம் என்கிறோம். ரப்பர் தேன் இயல்பிலேயே கொஞ்சம் நீர்த்தது. முக்கால்வாசி அறைகளைத் தேனீ மெழுகால் மூடும்வரை காத்திருந்து எடுத்தாலும் கெட்டிப் பாகு போல நிற்காது. ஆகவே அந்தச் சோதனையில் நல்ல தேன் தோற்கும், கெட்டியான சர்க்கரைப் பாகு ஜெயிக்கும். உறைந்தாலும் சந்தேகம், உறையாவிட்டாலும் சந்தேகம். வருடம் முழுக்க ஒரே நிறம், ஒரே ருசி, அதுவும் மலிவாக வேண்டும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பல பிரபல பிராண்டுகளில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாகச் சொன்னது, நிறுவனங்கள் மறுத்தன. அந்த வாக்குவாதத்தில் நம் பங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. நாம் கேட்கிற விலைக்கு, கேட்கிற அளவுக்கு, எந்தத் தேனீயாலும் தர முடியாது.

தேன் வாங்கும்போது விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மாதம் எடுத்தது? மழைக்காலத்தில் தேனீக்கு என்ன கொடுத்தீர்கள்? ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்பவரிடம் பேரம் பேசாதீர்கள். அவரிடம் ஆகஸ்டில் தேன் தீர்ந்துபோயிருந்தால் அடுத்த பிப்ரவரிவரை பொறுத்திருங்கள்.

அக்டோபரில் கூட்டம் பிரிக்கும்போது மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். உண்மையாகவே பெட்டி வைத்து வளர்க்க நினைப்பவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், அவரிடம் கேட்டுவிட்டுச் சேர்ந்து போகலாம்.