மறைக்க முடியாத இடத்தில் எதற்கு ரகசியம்?

சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கார்த்திகைக் கூட்டத்துக்கும் ரோகிணிக்கும் நடுவே ஒரு புள்ளி நகர்ந்து போனது. விமானமாக இருந்தால் விளக்கு சிமிட்டும். செத்துப்போன ராக்கெட் பாகமாக இருந்தால் உருண்டுகொண்டே வரும், சில நொடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னி மங்கும். இது எதுவும் செய்யாமல் ஒரே சீரான வெளிச்சத்தோடு வந்தது. கார்த்திகையையும் ரோகிணியையும் இணைக்கும் கோட்டைப் பைனாகுலரில் அது தாண்டிய கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். உள்ளே வந்து செயற்கைக்கோள்களின் பொதுப் பட்டியலை அலசினால், அந்த நேரத்தில் அந்தத் திசையில் எதுவுமே இல்லை.

அடையாளம் தெரியாத பொருள் என்று சொன்னதுமே வேற்றுக்கிரகம் வரை போய்விடுகிறார்கள். 1960 பிப்ரவரியில் விண்ணில் போகும் பொருள்களைப் பிடிக்க அமெரிக்கக் கடற்படை வைத்திருந்த ரேடியோ கண்காணிப்பு வேலியில் இப்படி ஒன்று சிக்கி, பத்திரிகைகளில் பெரும் பரபரப்பு. கடைசியில் அது முந்தைய ஆண்டு அமெரிக்காவே ஏவிய டிஸ்கவரர் 5 செயற்கைக்கோளின் மிச்சம். 1998-இல் விண்வெளி வீரர்கள் படமெடுத்த, வேற்றுக்கிரகச் செயற்கைக்கோள் என்று பலர் நம்பிய 'கருப்பு வீரன்' கதையும் அப்படித்தான்: நழுவிப்போன ஒரு வெப்பக் காப்புப் போர்வை. எனக்கு இந்த மர்மக் கதைகளைவிட, அவை அவிழ்ந்த விதம்தான் பிடிக்கும்.

பூமியை ஒட்டிய தாழ் சுற்றுப்பாதையில் ஒரு பொருள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. என் விரல் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தால் முக்கால் கிலோமீட்டர் பிழை. அதனால் ஒரு முறை பார்த்தது போதாது. மறுநாள் மாலை மறுபடி காத்திருந்து பிடிக்க வேண்டும், அதற்கடுத்த நாளும். மூன்று மாலைக் குறிப்புகள் கையில் இருந்தால் பூமியை எத்தனை நிமிடத்தில் சுற்றுகிறது, நடுக்கோட்டுக்கு எத்தனை பாகை சாய்ந்து போகிறது என்பதெல்லாம் ஓரளவு பிடிபட்டுவிடும். அந்தச் சாய்வைச் சட்டென்று மாற்ற முடியாது. அதற்கு ஏகப்பட்ட எரிபொருள் வேண்டும். பாதையைக் கண்டுபிடித்தால் ஆளைக் கண்டுபிடித்த மாதிரி.

இதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது இங்கிலாந்தின் கெட்டரிங் பள்ளியைத்தான். இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரியும் மாணவர்களும் ரேடியோ பெட்டியை வைத்து சோவியத் செயற்கைக்கோள்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1966 மார்ச்சில் ஏவப்பட்ட காஸ்மோஸ் 112-இன் பாதை, அதுவரை தெரிந்த எந்த ஏவுதளத்தோடும் பொருந்தவில்லை. பாதையைப் பின்னோக்கி வரைந்து பார்த்து, வடக்கே பிளெசெட்ஸ்க் பக்கம் ஒரு ரகசிய ஏவுதளம் இருப்பதைச் சொன்னார்கள். சோவியத் அரசு அதை ஒப்புக்கொண்டது 1983-இல். பள்ளிப் பிள்ளைகள் பதினேழு வருடம் முந்திக்கொண்டார்கள்!

சரி, என் புள்ளிக்கு வருகிறேன். மூன்றாம் நாள் கணக்கு, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து பராமரிக்கும் பட்டியலில் ஒன்றோடு கச்சிதமாகப் பொருந்தியது. ஓர் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள். அமெரிக்கா தன் பொதுப் பட்டியலில் இந்த வகைச் செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தை வெளியிடுவதில்லை. 2010 ஏப்ரலில் போன எக்ஸ்-37பி விண்விமானத்தின் பாதையையும் சொல்லவில்லை. ஆர்வலர்கள் ஒரு மாதத்துக்குள் பிடித்துவிட்டார்கள். ரஷ்யாவும் சளைத்ததல்ல. 2014 மே மாதம் மூன்று செயற்கைக்கோள்களோடு போன ஒரு பொருள் குப்பை என்றே பட்டியலில் ஏறியது. குப்பை திடீரென்று தானாகப் பாதையை மாற்ற ஆரம்பித்த பிறகுதான் அதற்கு காஸ்மோஸ் 2499 என்று பெயர் வந்தது. 2023 ஜனவரியில் அது உடைந்து சிதறியபோது, பட்டியலில் ஏறும் அளவுக்குப் பெரிய துண்டுகள் மட்டும் 85.

இதில்தான் எனக்குக் கோபம். எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். ரேடார் வைத்திருக்கிற எதிரிக்கு முதல் நாளே தெரியும். பைனாகுலரோடு நிற்கிற எனக்கே மூன்றாம் நாள் தெரிந்துவிட்டதே! தெரியாமல் தவிப்பது யார்? சின்னச் செயற்கைக்கோள் செய்து அனுப்பும் கல்லூரி மாணவர்கள், சொந்த ரேடார் இல்லாத நாடுகள். 2009 பிப்ரவரி 10 அன்று இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33-உம் செத்துப்போன காஸ்மோஸ் 2251-உம் என இரண்டு செயற்கைக்கோள்கள் மோதின. இரண்டும் பட்டியலில் இருந்தவை! கணிப்பு அவ்வளவு துல்லியமாக இல்லை, அவ்வளவுதான். பாதை தெரிந்தவையே மோதும்போது, பாதையை ஒளித்து வைத்திருப்பவற்றை மற்றவர்கள் எப்படி விலகிப் போவது?

1975-இல் ஐ.நா. பதிவு ஒப்பந்தம் வந்தது. ஏவிய நாடு பாதை விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். எப்போதுக்குள்? 'இயன்ற விரைவில்'. நாள் கணக்கு இல்லை. பிறகு பாதையை மாற்றினால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்த இரண்டு ஓட்டையையும் அடைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஏவிய சில நாட்களுக்குள் பாதை வெளிவர வேண்டும், மாற்றினால் அன்றே சொல்ல வேண்டும். உள்ளே என்ன கேமரா இருக்கிறது, யாரைப் பார்க்கிறது என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல்.

என் மூன்று குறிப்புகளையும் அந்த ஆர்வலர் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை மாலை அது திருவாதிரைக்குச் சற்று மேலே கடக்க வேண்டும். கணித்த நேரத்தைவிட முந்தி வந்தால், காற்றின் உராய்வில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்; தாழ்ந்த பாதையில் ஒரு சுற்று சீக்கிரம் முடிந்துவிடும். பிந்தி வந்தால், யாரோ அதை மேலே தள்ளியிருக்கிறார்கள்.