சுவிச்சாகும் மின்னோட்டம் அவதி மின்னோட்டம் அல்ல

கொழும்பில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடித்து, குவாண்டம் கருவி ஆய்வுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். குவாண்டம் புள்ளி (சில இலத்திரன்களை மட்டும் அடைத்துவைக்கும் மிகச்சிறு பகுதி) வழியாக ஓடும் மீமின்னோட்டத்தை, அதாவது அழுத்தமே இல்லாமல் ஓடும் மின்னோட்டத்தை, வெறும் மின்னோட்ட–அழுத்த வளையியில் அளந்துவிடலாம் என்று நம்பாதீர்கள். அந்த வளையியில் அழுத்தம் திடீரெனத் தோன்றும் இடம் சுவிச்சாகும் மின்னோட்டம். கருவி உண்மையில் தாங்கக்கூடிய உச்ச மீமின்னோட்டமான அவதி மின்னோட்டத்தைவிட அது குறைவாக இருக்கும்.

கருவி இப்படி: இந்தியம் ஆசனைட்டு நனோக்கம்பி, அதற்குள் புள்ளி, இரு முனையிலும் மீக்கடத்தியான அலுமினியம். அலுமினியத்தின் சக்தி இடைவெளி (மீக்கடத்தியில் இலத்திரன் நிலைகளே இல்லாத சக்தி வீச்சின் அளவு) ஏறத்தாழ 0.2 மில்லி இலத்திரன்வோல்ற்று. ஒரேயொரு வழி முழுதாகத் திறந்திருந்தால் 50 நனோஅம்பியர் வரை போகலாம். புள்ளிக்குள் நிலைமை வேறு. அங்கே இலத்திரன்களின் தள்ளுகைச் சக்தி சில மில்லி இலத்திரன்வோல்ற்று, இடைவெளியைவிடப் பல மடங்கு. மீமின்னோட்டத்தைச் சுமக்கும் இலத்திரன் இணையான கூப்பர் சோடி சேர்ந்து உள்ளே நிற்க முடியாது, அதன் இலத்திரன்கள் ஒவ்வொன்றாகத்தான் கடக்கும். மிஞ்சுவது 1 நனோஅம்பியர், பெரும்பாலும் அதற்கும் கீழே.

இரு மீக்கடத்திகளின் குவாண்டம் அலைகளுக்கிடையிலான அவத்தை வேறுபாட்டைப் பிடித்துவைப்பது ஜோசப்சன் சக்தி. அந்த 1 நனோஅம்பியருக்குரிய ஜோசப்சன் சக்தியை வெப்பநிலையாக்கிப் பாருங்கள்: 24 மில்லிகெல்வின்! குளிரூட்டி 30 மில்லிகெல்வின் காட்டினாலும், அறையிலிருந்து வயர் வழியே இறங்கும் இரைச்சல் இலத்திரன்களை இன்னும் சூடாக வைத்திருக்கும். அவத்தை வழுக்கும், மீற்றரில் மீமின்னோட்டத்தின் எச்சம்தான் தெரியும். இரைச்சலைத் தடுக்க ஆர்சி (தடை–கொள்ளளவி) வடிகட்டி மட்டும் போதாது. கிகாஹேர்ட்சில் அதன் கொள்ளளவி கொள்ளளவியாகவே நடந்துகொள்ளாது. செப்புத்தூள் வடிகட்டியும் குளிர்ப்பகுதியில் வேண்டும்.

கம்பிக்கும் அலுமினியத்துக்கும் இடையிலான தொடுகையும் காலை வாரும். கம்பியின் ஒட்சைட்டை அமோனியம் சல்பைட்டால் நீக்கியதும் தாமதிக்காமல் வெற்றிடத்துக்குள் ஏற்றி, மெல்லிய தைத்தேனியமும் அதன்மேல் அலுமினியமும் படியவிட வேண்டும். தாமதித்தால் ஒட்சைட்டு திரும்ப வளரும். அளவுக்கு மீறி அரித்தால் கம்பியே மெலியும்.

அளப்பதற்கு நம்பத்தக்க வழி மீக்கடத்தி வளையம். ஒரு கையில் புள்ளி, மறு கையில் பெரிய மின்னோட்டம் தாங்கும் ஒப்பீட்டுச் சந்தி. வளையத்தினூடான காந்தப்பாயத்தை மாற்ற, மொத்த மின்னோட்டம் அலையும். அலையின் வீச்சம் புள்ளியின் பங்கைத் தரும், அரை ஆவர்த்தன நகர்வு அதன் குறியைத் தரும். 2006இல் டெல்ஃப்ட் குழு இரண்டு நனோக்கம்பிகளை இப்படி இணைத்துத்தான் மீமின்னோட்டம் திசைமாறுவதைக் காட்டியது. புள்ளியில் ஒற்றை எண் இலத்திரன் இருக்கையில் சோடியின் இலத்திரன்கள் வரிசை மாறிக் கடப்பதால் மறைக்குறி வருகிறது. கொண்டோ வெப்பநிலை என்பது, முனைகளின் இலத்திரன்கள் புள்ளியிலுள்ள தனி இலத்திரனின் ஸ்பின்னை (காந்தத் தன்மையை) மறைக்கத் தொடங்கும் வெப்பநிலை. சக்தியாக மாற்றினால் அது சக்தி இடைவெளியை விஞ்சும்போது மறைக்குறி மறைந்துவிடும். ஆகவே காந்தப்புலத்தால் மீக்கடத்தலை நிறுத்தி, கடத்துதிறனில் தோன்றும் கொண்டோ உச்சியின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்; அதிலிருந்து கொண்டோ வெப்பநிலை தெரியும்.

இதற்குக் கொழும்பிலிருந்தே தயாராகலாம், ஒரு மடிக்கணினி போதும். புள்ளிக்கு வெறுமை, மேல் ஸ்பின் இலத்திரன், கீழ் ஸ்பின் இலத்திரன், இரட்டை இலத்திரன் என்று நான்கு நிலைகள். வெறுமையையும் இரட்டையையும் அரை அவத்தையின் கோசைனால் இணைத்துப் பைதனில் தீருங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: இது இடைவெளியை முடிவிலியாக எடுத்த மாதிரி. ஓர் இலத்திரன் மட்டும் உள்ள நிலையில் மின்னோட்டம் பூச்சியமாகத்தான் வரும். குறி மாறுவதைப் பார்க்க இடைவெளியை முடிவுள்ளதாக வைத்துக் கணிக்கவேண்டும்.